கேள்வி – பதில்: சாயம் பூசாத செல்லும் காந்தத்தின் படமும்

கேள்வி: ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். மலேரியா ஸ்லைடுகளை லீஷ்மன் ஸ்டெயின் என்ற சாயம் போட்டுத்தான் பார்க்கிறோம். ஸ்டெயின் இல்லாமல், செல்லை அறுக்காமல், முழுசாக உள்ளே பார்க்கும் எக்ஸ்ரே மைக்ராஸ்கோப் உண்டு என்று ஒரு டாக்டர் சொன்னார். நிஜமா மேடம்?
*– லேப் டெக்னீஷியன், பழைய வண்ணாரப்பேட்டை*

பதில்: நிஜம்தான் அம்மா. ராயபுரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்தில், நான் ஆசையாக எடுத்த பாடங்களில் இதுவும் ஒன்று.

எலும்பைப் படமெடுக்கும் எக்ஸ்ரே ஒற்றைச் செல்லைக் கண்டுகொள்ளாமல் ஊடுருவிப் போய்விடும். அதனால் ஆற்றல் மிகக் குறைந்த மென் எக்ஸ் கதிர்களை எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் 284 முதல் 543 எலக்ட்ரான் வோல்ட் (கதிரின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை உள்ள பகுதிதான் பொக்கிஷம். 284-ஐத் தாண்டியதும் கார்பன் இந்தக் கதிரை விழுங்கத் தொடங்குகிறது. ஆக்சிஜன் விழுங்குவதோ 543-க்கு மேல்தான். இடைப்பட்ட ஆற்றலில் தண்ணீர் வழிவிட்டுவிடும். புரதமும் கொழுப்பும் தண்ணீரைவிடச் சுமார் பத்து மடங்கு தடுக்கும். செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை வெளியேற்றாமலே நியூக்ளியஸும் கொழுப்புத் துளிகளும் தனித்தனியாகத் தெரிந்துவிடும்போது ஸ்டெயின் எதற்கு?

கண்ணாடி லென்ஸ் இங்கே உதவாது, அது கதிரையே விழுங்கிவிடும். அதற்குப் பதில் மெல்லிய தகட்டில் நூற்றுக்கணக்கான உலோக வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாக வரைகிறார்கள். வெளி வளையத்தின் அகலம் 25 நானோமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனில் மூவாயிரத்தில் ஒரு பங்கு! அந்த வளையம் எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நுணுக்கமாகப் படம் விழும். 1970-களில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் குந்தர் ஷ்மால் குழு இதைத் தொடங்கியது. 2005-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகம் 15 நானோமீட்டரைவிட நுணுக்கமாகப் பார்த்துவிட்டது.

உயிரோடு பார்க்கலாமா என்றால், முடியாது. கதிர் செல்லைக் கொன்றுவிடும். அதனால் முடியைவிட மெல்லிய கண்ணாடிக் குழாயில் செல்களை இட்டு, பனிப்படிகம் உண்டாக நேரம் தராமல் நொடிப்பொழுதில் உறையவைத்து, குழாயைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் படமெடுத்து, கம்ப்யூட்டரில் முப்பரிமாணமாகச் சேர்க்கிறார்கள். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்காகச் செல்லை மெல்லிய துண்டுகளாகச் சீவும் வேலை இதில் இல்லை.

உங்கள் ஸ்லைடில் மலேரியா ஒட்டுண்ணிக்குள் பழுப்பாகத் தெரியுமே ஒரு நிறமி, அதையும் பெர்லினில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள். ஒட்டுண்ணி ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் மிஞ்சும், இரும்பு அடங்கிய ஹீம் என்ற பகுதி அதற்கே விஷம் என்பதால் படிகமாக்கி ஒதுக்கிவைக்கிறது. குளோரோகுயின் மாத்திரை அந்தப் படிகமாக்கலைத்தான் தடுக்கிறது என்பது பரவலான கருத்து. படிகம் வளரும் இடத்தை முழு ரத்தச் செல்லுக்குள்ளேயே காண முடிவது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனாலும் காய்ச்சலோடு வருபவருக்கு உங்கள் ஸ்லைடுதான் வேண்டும். இந்தக் கருவிக்குப் பெரும்பாலும் ஒரு சின்க்ரோட்ரானே தேவைப்படுகிறது, அதாவது எலக்ட்ரான்களை வளையத்தில் வேகமாகச் சுற்றவிட்டு எக்ஸ் கதிர் எடுக்கும் பெரிய இயந்திரம்.

கேள்வி: கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இதே எக்ஸ்ரே காந்தத்தையும் படமெடுக்குமாமே? செத்துப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டேட்டாவை எடுக்க முடியுமா?
*– வாசகர், தண்டையார்பேட்டை*

பதில்: காந்தத்தைப் படமெடுக்கும், சந்தேகமே வேண்டாம். கார்பனுக்கு 284 போல இரும்புக்கு 707, கோபால்ட்டுக்கு 778 எலக்ட்ரான் வோல்ட். அந்த ஆற்றலில் வலப்பக்கமோ இடப்பக்கமோ சுழலும் கதிரை அனுப்பினால், காந்தம் எந்தத் திசையில் நிற்கிறதோ அதைப் பொறுத்து விழுங்கும் அளவு கூடும், குறையும். படத்தில் ஒரு திசை கறுப்பாகவும் எதிர்த்திசை வெளுப்பாகவும் விழும். எக்ஸ் கதிரில் இந்த விளைவை 1987-ல் கிசெலா ஷூட்ஸ் குழு இரும்பில் அளந்து காட்டியது.

ஆனால் உங்கள் வாடிக்கையாளரின் கல்யாண போட்டோக்கள் இதில் திரும்பி வராது. கதிர் ஊடுருவ வேண்டுமானால் படலம் நூறு நானோமீட்டர் அளவில் மெல்லியதாக இருக்க வேண்டும். டிஸ்க்கிலிருந்து கழற்றிய பிளாட்டரை, அதாவது டேட்டா பதிந்த வட்டத்தகட்டை, அப்படியே வைக்க முடியாது. ஒரு படத்தில் அடங்கும் இடமும் பத்துப் பதினைந்து மைக்ரான்தான். அடுத்த தலைமுறை டிஸ்க்குக்கான உலோகக் கலவையைச் சோதிப்பவர்களுக்கே இது பயன்படும்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். இந்தியாவில் இந்தத் துறைக்கு வாய்ப்பு உண்டா?
*– மாணவர், திருவொற்றியூர்*

பதில்: உண்டு தம்பி. இந்தூரில் ராஜா ராமண்ணா மையத்தில் இண்டஸ்-2 சின்க்ரோட்ரான் ஓடுகிறது. 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், சுற்றளவு சுமார் 172 மீட்டர். மென் எக்ஸ் கதிரை உலோகங்கள் விழுங்குவதை அளக்கத் தனி வழித்தடமே (கதிரை வளையத்திலிருந்து சோதனைக் கருவிக்குக் கொண்டுபோகும் குழாய்ப்பாதை) அங்கே இருக்கிறது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விண்ணப்பித்துப் பயன்படுத்தலாம். எம்.எஸ்சி.யில் திண்மப் பொருள் இயற்பியலையும் ஒளியியலையும் விடாதே. அப்புறம், கல்லூரி லேபில் வேக்யூம் பம்ப் இருந்தால் அதை இயக்கக் கற்றுக்கொள். இந்தக் கதிர் காற்றில் சில மில்லிமீட்டர் போவதற்குள் வலுவிழந்துவிடும் என்பதால், வழித்தடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்றே உன்னிடம் அதைத்தான் கேட்பார்கள்.