டப்பா மத்தி

அன்புள்ள ஐயா,

நான் கடலூரில் பள்ளி ஆசிரியர். ஆகஸ்ட் 6 அன்று வகுப்பில் ஹிரோஷிமா பற்றிப் பேசலாம் என்று, "அணுகுண்டு என்றால் என்ன நினைவுக்கு வருகிறது?" என்று கேட்டேன். முக்கால்வாசிப் பேர் "தீபாவளி சார்" என்றார்கள். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோதும் இங்கே யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நமக்கு அந்தப் பயமே கிடையாதா?

வாசகர், மஞ்சக்குப்பம்

அன்புள்ள நண்பருக்கு,

பிள்ளைகள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். பச்சைச் சணலை இறுக்கிச் சுற்றி, ஓரத்தில் திரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த வெடிக்கு வேறு பெயர் எனக்கும் தெரியாது. திரியின் நுனியைக் கிள்ளிவிட்டு, ஊதுபத்தியால் தொட்டுவிட்டு ஓடுவோம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னையில் குண்டு போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டனின் பெயர், "அவன் பெரிய எம்டன்டா" என்று ஆனதில்லையா, அந்த மாதிரிதான் இதுவும்.

1998 மே மாதம் பொக்ரானில் நம் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது எங்கள் தெருவில் லட்டு கொடுத்தார்கள். ஒருவர் பரணில் கிடந்த தீபாவளி அணுகுண்டைத் தேடி எடுத்துவந்து பற்றவைத்தார். நமத்துப்போய்ப் புஸ்ஸென்றது. எனக்கும் அன்றைக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. டிவியில் நின்றவர்களில் கலாம் ராமேஸ்வரத்துக்காரர், அணு விஞ்ஞானி ஆர். சிதம்பரம் சென்னையில் பிறந்தவர். நம்ம வீட்டுப் பெரியவர் கொண்டுவந்து காட்டுகிற பொருளைப் பார்த்து யார் பயப்படுவார்கள்?

ஆனால் பயமே இல்லை என்று சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லும் அந்த மே மாதம், கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் போர் ஒத்திகை என்று செய்தி வந்ததும் என் அக்கா போன் செய்தாள். "சிலிண்டர் போட்டு வெச்சிட்டியா? அரிசி இருக்கா?" 2011 டிசம்பரில் தானே புயல் வந்தபோதும் இதே இரண்டு கேள்விதான். குண்டு என்ற வார்த்தை அவள் வாயில் வரவே இல்லை.

அப்புறம், நிஜ அணுகுண்டுக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு புதுச்சேரிக்குத் திரும்பியவர்களை சொல்தா என்போம், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜூலை 14 அன்று மெடல் குத்திக்கொண்டு கடற்கரைச் சாலை போர் நினைவுச்சின்னத்துக்குப் போவார். மற்ற நாளெல்லாம் கைலிதான்.

பிரான்ஸ் தன் குண்டுகளைத் தன் வீட்டு வாசலில் வெடித்துப் பார்க்கவில்லை. 1960 முதல் அல்ஜீரியாவின் சகாராவில் 17. அல்ஜீரியா கைவிட்டுப் போனதும் பசிபிக்குக்கு மாற்றிக்கொண்டு, 1966 முதல் 1996 வரை மொருரோவாவிலும் பக்கத்துத் தீவிலும் 193. முதல் எட்டு வருடம் திறந்த வானத்தில். இவர் அறுபதுகளின் கடைசியில் மொருரோவாவில் இருந்தவர். எனக்கு இது நாற்பது வயதுக்கு மேல்தான் புரிந்தது. காரணம், அவர் சொன்னதெல்லாம் மீன் கதை.

"கண்ணாடி மாதிரி தண்ணி தம்பி. உள்ள மீன் திரியுறது அப்படியே தெரியும். தொடக் கூடாதுன்னுட்டான். எங்களுக்கு டப்பா மத்தி. தினம் டப்பா மத்தி."

வம்பாகீரப்பாளையம் மீனவர் குப்பத்தில் பிறந்த மனுஷருக்கு இதைவிடக் கொடுமை உண்டா என்று நாங்கள் சிரிப்போம். ஏன் தொடக் கூடாது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மொருரோவா எது என்று நான் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு, வெடித்தபோது எப்படி இருந்தது என்று ஒரு தடவை கேட்டேன். "முதுகு காட்டி உக்காருன்னான், உக்காந்தேன்." அவ்வளவுதான். மறுபடி மீனுக்குப் போய்விட்டார்.

சோதனைக் கதிர்வீச்சால் நோயுற்றவர்களுக்கு நஷ்டஈடு தர 2010-ல் பிரான்ஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. செய்தியைத் தாளில் எழுதிக்கொண்டு போனேன். அவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி தாளை வாங்கி, படிக்காமல் காலண்டருக்குப் பின்னால் செருகிவிட்டு, மார்க்கெட்டிலிருந்து வந்த பையைத் திறந்தார்.

"மத்திதான். அவரு இருந்த வரைக்கும் வீட்டுக்குள்ள விட்டதில்ல. இப்பத்தான் வாங்குறேன்."

அன்புடன்.