மன அதிர்ச்சிக்கு ‘மூச்சைக் கவனி’ என்கிறார்களே, அது எப்படிச் சிகிச்சையாகும்?

விபத்து, வன்முறை போன்றவற்றால் நிலைகுலைந்தவரின் உடலையும் மனதையும் சேர்த்தே பார்த்து, இந்த நொடியில் நடப்பதைப் பதறாமல் கவனிக்கப் பழக்கும் முறை இது.

பைக்கில் அடிபட்டு மீண்டவர் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கிறார். லாரி ஹாரன் கேட்டதும் உள்ளங்கை வியர்க்கிறது, தாடை இறுகுகிறது. விபத்து முடிந்து வருடமாகிவிட்டது. மூளையில் அபாய மணி அடிக்கும் அமிக்டலாவுக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

அலங்காநல்லூர்ப் பக்கம் காளை மிரண்டால், வளர்த்தவர் கயிற்றை வெடுக்கென்று இழுக்க மாட்டார். பழகிய குரல் கொடுத்து, திமிலைத் தடவி, அது அடங்கும்வரை நிற்பார். அப்படித்தான், தரையில் பதிந்த பாதத்தையும் நிதானமாக வெளியேறும் மூச்சையும் உணரவைத்து, ‘இப்போது ஆபத்தில்லை’ என்று உடலுக்குச் சொல்கிறோம். சிலருக்குக் கண்ணை மூடினாலே பயம் கூடும். திறந்தே வைத்திருக்கலாம், தயவுசெய்து பயிற்சி பெற்ற ஆலோசகரின் துணையோடு செய்யுங்கள்.

நடந்ததை மறக்கவைப்பதுதான் இதன் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நினைவு இருக்கும், அது வரும்போது உடல் பதறுவதுதான் குறையும்.