வாசல் ஏற முடியாத நாட்களில் சந்தை ஆய்வு: கேள்வி பதில்

கொரோனா காலத்தில் சந்தை ஆய்வு, அதாவது மக்கள் என்ன வாங்குகிறார்கள், எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று வீடு வீடாகக் கேட்டறியும் வேலை, எப்படி நடந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். அப்போது களத்தில் இருந்தவள் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஊரடங்கு வந்ததும் என்ன செய்தீர்கள் மேடம்?

போனுக்கு மாறினோம். நாங்கள் மட்டுமல்ல. விலைவாசிக் குறியீட்டுக்காகக் கடை கடையாக ஏறி இறங்கும் மத்தியப் புள்ளியியல் ஊழியர்களே 2020 மார்ச் 19 முதல் நேரில் போவதை நிறுத்திவிட்டு, போனில் விலை விசாரித்தார்கள். நாற்பது நிமிடக் கேள்வித்தாளைப் பன்னிரண்டு நிமிடத்துக்கு வெட்டினோம். அதை முன்பே செய்திருக்க வேண்டும்.

போனில் கேட்டால் உண்மை வருமா அக்கா?

பாதிதான் வரும். பல வீடுகளில் ஒரே போன். கணவர் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மனைவியிடம் நீட்டுவார். "செலவைக் குறைச்சீங்களாம்மா?" என்றால், "அதெல்லாம் இல்லீங்க, எப்பவும் போலதான்." நேரில் போயிருந்தால் அடுக்களையே பதில் சொல்லியிருக்கும். அதனால் சம்மதித்தவர்களிடம் மட்டும் அலமாரியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். "எப்பவும் போலதான்" என்ற ஒரு வீட்டிலிருந்து வந்த படத்தில், காலி ஷாம்பு பாட்டிலுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு ரூபாய் பாக்கெட் சரம் தொங்கியது. எத்தனை கேள்வி கேட்டும் கிடைக்காத பதில் அது.

ஆன்லைன் சர்வே போதாதா?

வேகத்துக்கு அதை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 2020 ஏப்ரல் 23-ல் ஆன்லைனில் ஒரு குடும்ப சர்வேயைத் தொடங்கி, வாரந்தோறும் முடிவு வெளியிட்டது. ஆனால் முதல் வாரங்களில், அழைத்தவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பதில் தரவில்லை. கணக்குப் போட்டு ஓரளவு சரிக்கட்டலாம். வராதவர்களின் குரலை உண்டாக்க முடியாது.

அப்படி விட்டுப்போனவர்கள் யார்?

ரீசார்ஜ் செய்யக் காசில்லாதவர்கள். எங்கள் பட்டியலில் ஸ்விட்ச் ஆஃப் எண்களையெல்லாம் "பதில் இல்லை" என்று கழித்துவிடுவது வழக்கம். வேலை போனவர்கள் அதில்தான் இருந்தார்கள். அவர்களைக் கழித்துவிட்டு "வாங்கும் சக்தி குறையவில்லை" என்று அறிக்கை எழுதுவது பெரிய தப்பு. அந்த எண்களைத் தனிப் பட்டியலாக்கி, பத்து நாள் விட்டு மறுபடி கூப்பிட்டோம். எடுத்தவர்களிடம் முதலில் கேட்டது, "இப்போ பேச முடியுமாங்க?" என்பதைத்தான்.