சுத்தியல் பட்டறையா, புல்லர் பட்டறையா?

"ஸ்பேனர் பிடிக்கவா இவனைப் பத்தாவது வரை படிக்க வைத்தேன்?" என்று கேட்டீர்கள், அம்மா. கோபம் நியாயம்தான். ஆனால் உங்கள் மகன் ஆசைப்படுவது கிரீஸ் தடவுகிற எடுபிடி வேலைக்கு இல்லை. லாரி, பஸ்களில் ஸ்டியரிங்கை எளிதாகத் திருப்ப உதவும் பவர் ஸ்டியரிங் பாக்ஸைப் பிரித்துச் சரிசெய்யக் கற்க வேண்டும் என்கிறான். சங்ககிரி லாரிகளும் 20 கொண்டை ஊசி வளைவு தாண்டி ஏற்காடு ஏறும் பஸ்களும் ஓடுகிற சேலத்தில், அந்தக் கைக்கு வேலை வராமல் போகாது.

என் பயமெல்லாம் அவன் போய்ச் சேரும் பட்டறையைப் பற்றித்தான். ஒருநாள் காலையில் நீங்களே போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பாக்ஸின் வெளியே இருக்கும் டிராப் ஆர்ம் என்ற கையைச் சுத்தியலால் ஓங்கி அடித்துக் கழற்றினால், அந்த அடி அது மாட்டியிருக்கும் தண்டான செக்டார் ஷாஃப்டையும் உள்ளே பேரிங்கையும் தாக்கும். வெளியே கீறல்கூடத் தெரியாது. அதற்கென்று இருக்கும் புல்லரை மாட்டி இழுக்கிறவர் தொழில் தெரிந்தவர். ஆயில் கசியாமல் தடுக்கும் புது ஆயில் சீல் வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்டித் தட்டி இறக்குகிறார்களா, அளவுக்கேற்ற சீல் டிரைவர் என்ற கருவியை வைத்து ஒரே சீராக இறக்குகிறார்களா? ஷாஃப்டின் பற்கள் சீலின் உதட்டைக் கிழிக்காமலிருக்க அதன்மேல் உறை மாட்டுகிறார்களா? பாக்ஸுக்கு ஆயிலை அழுத்தி அனுப்பும் பம்பில் பிரஷர் கேஜ் (அழுத்தமானி) போட்டுப் பார்க்காமலே "பாக்ஸ் போச்சு" என்கிறவரிடம் மகனை விடாதீர்கள். அந்தக் கேஜின் வால்வை 5 விநாடிக்கு மேல் மூடிவைத்தால் பம்பே கெட்டுவிடும் என்று பையன்களை எச்சரிக்கும் மேஸ்திரி கிடைத்தால், சம்பளம் குறைவென்றாலும் அங்கேயே சேருங்கள்.

கடைசியில், பாக்ஸுக்குள் பற்களின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டிங் ஸ்க்ரூ. கைப்பக்குவத்தில் இறுக்குகிறவர்கள்தான் அதிகம். கூடுதலாக இறுக்கினால் வளைவு முடிந்தும் ஸ்டியரிங் தானாகத் திரும்பாது. மலைப் பாதையில் அது விளையாட்டில்லை. பாக்ஸை நடுநிலையில் வைத்து, திருகு விசையைக் காட்டும் டார்க் ரெஞ்சில் அளந்து இறுக்க வேண்டும்.

பட்டறையில் சேரும் முன்னால் ஐடிஐ (தொழிற்பயிற்சி நிலையம்). மெக்கானிக் மோட்டார் வெஹிகிள் பிரிவு 2 வருடம். பத்தாவது தேறியிருந்தால் போதும். முடித்தபின் படிக்கத் தோன்றினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2ஆம் ஆண்டு சேரலாம். இப்போது பெரும்பாலான கார்களில் ஆயிலுக்குப் பதில் மோட்டாரும் சென்சாரும்தான் ஸ்டியரிங்கைத் திருப்ப உதவுகின்றன, எனவே வண்டியின் கோளாறைக் காட்டும் ஸ்கேனர் பார்க்கவும் பழக வேண்டும். புல்லர் செட் வாங்கித் தரக் கடன் வாங்காதீர்கள். எது தேவை என்று அவனுக்கே 2 வருடம் கழித்துத்தான் தெரியும்.

புதன்கிழமை மகனோடு வாருங்கள். மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். விண்ணப்பத்தை இங்கேயே பூர்த்தி செய்துவிடலாம்.