சி டிரைவில் இடம் குறைகிறதா? மறைந்திருக்கும் துண்டுகளில் கை வைக்காதீர்கள்

களுவாஞ்சிகுடியிலிருந்து ஓர் ஆசிரியை கேட்டிருக்கிறார்: "மகள் வந்தாறுமூலைக் கம்பஸில் படிக்கிறாள். அவளுக்கு 512 ஜிபி லெப்டொப் வாங்கினோம். சி டிரைவில் 456 ஜிபிதான் காட்டுகிறது. கல்முனையில் ஒரு கடையில் காட்டியபோது, பெயரில்லாத மூன்று துண்டுகள் சும்மா கிடக்கின்றன, அழித்துச் சி-யோடு சேர்த்துப் புது விண்டோஸும் போட்டுத் தருகிறோம் என்றார்கள். கொடுக்கலாமா சேர்?"

கொடுக்காதீர்கள் டீச்சர்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நீங்கள் காணவில்லை என்று நினைக்கும் 56 ஜிபியில் 35 ஜிபி எங்கும் போகவில்லை. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. ஒரே நெற்குவியலை இரண்டு அளவு மரைக்காலால் அளந்தால் எண்ணிக்கை மாறுமே, அப்படித்தான் பெட்டியில் 512 என்றிருப்பது திரையில் 477 ஆகிறது. இதை விற்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிட்டால் என்ன? யாரும் சொல்வதில்லை.

மிச்சம் 21 ஜிபிதான் அந்த மூன்று துண்டுகள், அதாவது டிஸ்க்கில் தனியாகப் பிரித்து வைத்த பகுதிகள்: ஒன்று 260 எம்பி, ஒன்று 1 ஜிபி, ஒன்று 20 ஜிபி. விண்டோஸ் கீயையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தி, 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்பதைத் திறந்து நீங்களே பாருங்கள்.

இடது ஓரத்தில் 260 எம்பி அளவில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். லெப்டொப்பை ஓன் செய்ததும், விண்டோஸை எழுப்பும் வழியைத் தேடி மதர்போட் முதலில் போவது அங்கேதான். அது அழிந்தால், மகளின் அசைன்மென்ட் எல்லாம் சி-யில் பத்திரமாக இருந்தாலும் லெப்டொப் எழும்பாது. அந்தக் கட்டத்தில் வலது க்ளிக் செய்து பாருங்கள், 'ஹெல்ப்' என்ற ஒரு சொல்தான் வரும். தொடாதே என்று விண்டோஸே சொல்கிறது. கடைக்காரர்கள் கறுப்புத் திரையில் கட்டளை அடித்து அதையும் மீறுகிறார்கள்.

1 ஜிபித் துண்டு, விண்டோஸ் பழுதானால் தன்னைத்தானே திருத்திக்கொள்ளும் கருவிகள் இருக்கும் இடம். 2024 ஜனவரியில் வந்த ஒரு விண்டோஸ் 10 அப்டேட், இந்தத் துண்டில் போதிய இடமில்லாத கணினிகளில் ஏறாமல் நின்றது. அதற்கு மைக்ரோசொஃப்ட் காட்டிய வழி, கட்டளைகளை வரிவரியாக அடித்து அந்தத் துண்டைப் பெரிதாக்குவது! சாதாரண மக்கள் எங்கே போவார்கள்? இப்படிச் செய்தால் எல்லோரும் கடைக்குத்தான் ஓடுவார்கள்.

கடைக்கு ஓடினால் என்ன நடக்கிறது என்பதையும் சொல்கிறேன். அண்மையில் ஒரு பிள்ளை இப்படிச் 'சேர்த்துக் கொடுத்த' லெப்டொப்பை என்னிடம் கொண்டு வந்தது. திருத்தும் துண்டும் இல்லை, லெப்டொப் கம்பனி போட்ட 20 ஜிபித் துண்டும் இல்லை. லெப்டொப்போடு காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் ஹோம் பதிப்பை எடுத்துவிட்டு, திருட்டு விண்டோஸ் ப்ரோவைப் போட்டிருந்தார்கள். ஒரிஜினல் வேண்டுமென்றால் தனிக் காசு என்றும் சொன்னார்களாம். அது பொய். விண்டோஸோடு விற்கப்படும் இன்றைய லெப்டொப்களில் அதன் லைசன்ஸ் கீ மதர்போட்டிலேயே பதிந்திருக்கிறது. நான் ஹோமையே திரும்பப் போட்டு இன்டர்நெட்டில் இணைத்தேன். ஓர் எழுத்துக்கூட அடிக்கவில்லை, தானாக அக்டிவேட் ஆனது.

சரி, அந்த 20 ஜிபி? மூன்றில் இது ஒன்றைத்தான் அழிக்கலாம், அதுவும் அவசரப்படாமல். லெப்டொப் கம்பனி, வாங்கிய நாளில் இருந்த நிலைக்குத் திரும்பத் தேவையானதை அதில் வைத்திருக்கிறது. 32 ஜிபிப் பென்ட்ரைவ் ஒன்றை வாங்குங்கள். அதில் இருப்பதெல்லாம் அழியும், ஆகவே வெறும் பென்ட்ரைவாக இருக்கட்டும். தேடும் இடத்தில் 'ரிக்கவரி டிரைவ்' என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் எடுக்கும்படி டிக் போட்டுச் செய்யுங்கள். பல மணித்தியாலம் போகலாம், கரண்ட் நிற்காத நாளாகப் பாருங்கள். முடிந்ததும் அந்தப் பென்ட்ரைவில் லெப்டொப் எழும்புகிறதா என்று ஒருமுறை பார்க்காமல் எதையும் அழிக்காதீர்கள். டேட்டாக் கார்ட் போட்டு 5 ஜிபிக்கு மேற்பட்ட விண்டோஸை இறக்குவது எவ்வளவு பாடு என்று உங்களுக்குத் தெரியும். என்னைக் கேட்டால், 456 ஜிபி இருக்கும்போது அந்த 20-ஐ விட்டுவிடலாம்.

இன்னொன்று. புது லெப்டொப் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டே வருகிறது. எதையாவது மாற்றினால் 48 இலக்கச் சாவி கேட்கும். மகளின் மைக்ரோசொஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, இன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கள்.

என்றைக்காவது வேறு பழுதுக்காக லெப்டொப்பைக் கடைக்குக் கொடுக்க வேண்டி வந்தால், கொடுக்கும் முன் அந்த டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைப் போனில் ஒரு படம் எடுங்கள். திருப்பி வாங்கும்போது அதே திரையைக் கடையிலேயே திறந்து, துண்டுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று படத்தோடு ஒத்துப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.