வீட்டில் படித்தால் யார் பரீட்சை வைப்பது?

வணக்கம் ஐயா,
ஓசூரில் இருக்கிறோம். ஒன்பது வயது மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க யோசிக்கிறோம். அமெரிக்காவில் ஒஹாயோவில் இருக்கும் தம்பி, "இங்கே வருடாந்திர மதிப்பீட்டையே எடுத்துவிட்டார்கள்" என்கிறான். மாமனாரோ, "பரீட்சை இல்லாமல் என்ன படிப்பு?" என்கிறார். அங்கே ஏன் எடுத்தார்கள்? இங்கே விதி என்ன?
(பெயர் வேண்டாம் என்கிறார்)

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பி சொல்வது சரிதான். ஒஹாயோ 2023இல் எடுத்தது. அதற்கு முன்பே ஆர்கன்சா 2015இலும் தெற்கு டகோட்டா 2021இலும் தேர்வைக் கைவிட்டன. 1980களில் பல மாநிலங்கள் வீட்டுக்கல்விக்குச் சட்டம் போட்டபோது, "அனுமதி தருகிறோம், மதிப்பெண்ணைக் காட்டுங்கள்" என்பதுதான் பேரம். பிறகு அந்தப் பெற்றோர் பெருகி, சங்கமாகத் திரண்டு, சட்டமன்றங்களை விடாமல் நச்சரித்து நிபந்தனைகளைக் கழற்றினார்கள். நியூயார்க் மாதிரி சில மாநிலங்கள் இன்னும் பிடியை விடவில்லை. எனக்குப் பிடித்தது வட கரோலினா. வருடம் ஒரு தேர்வு கட்டாயம், ஆனால் முடிவை வீட்டுக் கோப்பில் வைத்திருந்து, கேட்டால் காட்டினால் போதும்.

நம்மிடம் கழற்றுவதற்கு விதியே இல்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்விக்கென்று தனிப் பிரிவு கிடையாது. விரும்பி வேறு வழியில் படிக்க வைப்பவர்களுக்கு அந்தச் சட்டம் குறுக்கே நிற்காது என்று 2012இல் மத்திய அரசு டெல்லி உயர் நீதிமன்றத்தில் சொன்னது. ஐந்து, எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்று 2019இல் தமிழக அரசு அறிவித்து, 2020 பிப்ரவரியில் கைவிட்டதே, அதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்கானதுதான்.

ஆனால் வேறொன்று உங்கள் வாசலுக்கு வரும்: பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பு. குழந்தைத் திருமணம் இன்னும் ஓயாத மாவட்டங்கள் நம் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும். பெண்பிள்ளை பகலில் வீட்டில் இருந்தால் வருகிற டீச்சர் துருவித்தான் கேட்பார். கோபப்படாதீர்கள், அவர் கேட்கத்தான் வேண்டும். படிப்பை நிறுத்திய பிள்ளையையும் வீட்டில் படிக்கும் பிள்ளையையும் அவர் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பார்? என்னைக் கேட்டால், வட கரோலினா மாதிரி ஒரு தேர்வு இங்கே இருப்பது உங்களுக்கே பாதுகாப்பு. அது இல்லாதவரை நோட்டுகளில் தேதி போட்டு வைத்திருங்கள்.

மாமனார் கவலைக்கும் வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்தால் அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு. பதினான்கு ஆனால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு. வருடத்தில் இரண்டு முறை தேர்வு நடக்கும், பாடங்களைப் பிரித்து எழுதலாம்.

பள்ளியில் மாற்றுச் சான்றிதழை மட்டும் மறக்காமல் வாங்கிவிடுங்கள். நடுவில் மனம் மாறினால், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொள்ள அதே 2009 சட்டம் இடம் தருகிறது.