மீந்த நூடுல்ஸை மறுநாள் சூடாக்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: தக்கலை அருகே வசிக்கிறோம். மகளுக்கு 14 வயது, மகனுக்கு 9. சனிக்கிழமை மாலை ஆனால் தெருமுனைக் கடையின் ஹக்கா நூடுல்ஸ் இருவருக்கும் வேண்டும். ‘அஜினமோட்டோ போடாதீர்கள்’ என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அது போதுமா? மீந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலையில் சூடாக்கிக் கொடுக்கிறேன். மாமியார் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மாமியார் சொல்வதுதான் சரி. காலையில் சூடாக்கிக் கொடுப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அஜினமோட்டோ வேண்டாம் என்று சொல்வதும் போதாது. அதற்காகச் சனிக்கிழமைக் கடையையே நிறுத்தச் சொல்லவில்லை. பலரும் பயப்பட வேண்டாத இடத்தில் பயந்து, பயப்பட வேண்டிய இடத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். அதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

அஜினமோட்டோ என்பது நிறுவனத்தின் பெயர். உள்ளே இருக்கும் பொருள் மோனோசோடியம் குளூட்டமேட். 1908-ல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் இந்தச் சுவையைக் கண்டறிந்தார். தக்காளியிலும் காளானிலும் தாய்ப்பாலிலும் கூட குளூட்டமேட் இயல்பாகவே இருக்கிறது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடக்கிறது என்று 1968-ல் ஒரு மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார். இன்றைய பயத்துக்கு அந்தக் கடிதமே ஊற்றுக்கண். உணவோடு சேரும் வழக்கமான அளவில் அப்படி நேர்கிறது என்பதைப் பின்னாளில் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம். ஒத்துக்கொள்ளாத பெரியவர்களும் தவிர்க்கட்டும். உங்கள் பிள்ளைகள் விஷயத்தில் என் கவலை அது அல்ல.

என் கவலை, கடையில் முன்கூட்டியே வேகவைத்து வைத்திருக்கும் நூடுல்ஸைப் பற்றியது. ஹக்கா நூடுல்ஸ் இரண்டு கட்டமாகச் செய்யப்படுவது. முதலில் முக்கால் பதத்துக்கு வேகவைத்து, வடித்து, குளிர்ந்த நீர் ஊற்றி, எண்ணெய் தடவிப் பரப்பி வைப்பார்கள். நாம் கேட்டதும் இரும்புச் சட்டியில் பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டித் தருவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் போனது என்பதுதான் கேள்வி.

மண்ணிலும் தானியத்திலும் சாதாரணமாகக் காணப்படும் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெந்த நூடுல்ஸோ சோறோ அறை வெப்பத்தில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி ஒரு நச்சை விடுகின்றன. பாக்டீரியா சூட்டில் சாகும், அந்த நச்சு சாகாது. 121 டிகிரி வெப்பத்தில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் தாங்கும். அதனால்தான் ‘நன்றாகச் சூடாக்கித்தானே கொடுத்தேன்’ என்று சொல்லும் தாய்மார்களிடம் நான் தலையை ஆட்ட முடிவதில்லை. அதற்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. பெல்ஜியத்தில் 20 வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டு மறுநாள் விடிவதற்குள் இறந்தது 2008-ல் நடந்தது. அது மிக அரிது. ஆனால் சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் குடலைப் பிரட்டும் வாந்தி அரிதல்ல. நம் மாவட்டத்துப் புழுக்கமும் இரண்டு பருவமழைக் காலங்களில் அடிக்கடி போகும் கரண்டும் அந்தக் கிருமிக்கு நல்ல துணை.

போன மாதம் பார்வதிபுரம் பக்கம் ஒரு சிறிய கடையில் நின்று கவனித்தேன். மாஸ்டருக்குப் பக்கத்தில் அகலத் தட்டு. அதில் நாலைந்து பேருக்கான நூடுல்ஸ் மட்டும், ஒவ்வொரு இழையும் தனித்தனியாக, மெல்லிய எண்ணெய்ப் பளபளப்போடு கிடந்தது. தட்டு காலியாகும் நேரத்தில் பின்னடுப்பில் அடுத்த பாக்கெட் கொதித்துக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட கடையில் என் பேரப்பிள்ளைகளுக்கும் தயங்காமல் வாங்கிக் கொடுப்பேன். பெரிய பேசினில் மலையாகக் குவிந்து, ஈரத்துணி மூடி, அடியில் நீர் கோத்து, இழைகள் கட்டியாக ஒட்டிக்கிடந்தால் வேறு கடைக்கு நடந்துவிடுங்கள். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண்ணையும் பாருங்கள். ஆனால் என் கண் முதலில் போவது அந்தத் தட்டுக்குத்தான்.

அடுத்தது உப்பு. ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறக்குறைய இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. அஜினமோட்டோவை நிறுத்திய பல கடைகளில் சுவைக்காகச் சாஸைக் கூட்டுகிறார்கள். ஆகவே ‘சாஸ் பாதி போதும்’ என்று சொல்லிப் பழகுங்கள். மைதாவுக்கு ஈடாக முட்டையும் முட்டைக்கோஸும் கூடுதலாகக் கேளுங்கள். கூடவே கேட்கும் கோபி மஞ்சூரியன் ரத்தச் சிவப்பாக இருந்தால் வேண்டாம். 2024-ல் கர்நாடக அரசு அதில் செயற்கை நிறம் சேர்ப்பதைத் தடைசெய்தது காரணமில்லாமல் அல்ல.

ஹக்கா என்பது ‘விருந்தினராக வந்து குடியேறியவர்’ என்ற பொருளில் ஒரு சீன மக்கள் பிரிவின் பெயர். கல்கத்தாவின் டாங்ரா பகுதியில் தோல் பதனிட்டு வாழ்ந்த அந்தக் குடும்பங்களின் சமையல் இந்திய நாக்குக்கேற்ப மாறி இந்த நூடுல்ஸ் ஆயிற்று. சட்டியிலிருந்து தட்டுக்கு, தட்டிலிருந்து வாய்க்கு என்று உடனே சாப்பிட வேண்டியது இது. நால்வருக்கு இரண்டு தட்டு வாங்கிப் பகிர்ந்தால் மீதமே இருக்காது. பார்சல்தான் என்றால் பிளாஸ்டிக் உறையில் வேண்டாம். வீட்டிலிருந்து எவர்சில்வர் டப்பா கொண்டுபோய், வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். வீட்டில் நீங்களே வேகவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்ததாக இருந்தால் மறுநாள் சூடாக்கலாம். கடை நூடுல்ஸ் எத்தனை மணிக்கு வெந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

வாந்தி வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, பிள்ளை சோர்ந்து கண் சொருகினாலோ, கண் மஞ்சளானாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்தச் சனிக்கிழமை உங்கள் மகளையே கேட்கச் சொல்லுங்கள்: “அண்ணா, நூடுல்ஸ் எப்போது வேகவைத்தது?” நல்ல மாஸ்டர் கோபப்பட மாட்டார், பின்னடுப்பைக் காட்டுவார்.